சாட்சி சொன்னதற்குப் பிறகு

என் தம்பி சபையில் எழுந்து சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அவனை முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டவள் நான்தான். "போ, போய்ச் சொல்" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒழுங்காகத் தூங்கினான். வேலைக்குத் திரும்பியிருந்தான். சாட்சி நேரம் வந்ததும் போதகர் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்வை எங்கள் வரிசையில் கொஞ்சம் தங்கியது. தம்பி முன்னால் போய் மைக்கை வாங்கினான். அவன் வலது கை லேசாக நடுங்கியது. மனநோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வருகிற நடுக்கம் அது என்று எனக்குத் தெரியும். சபை அதைப் பயபக்தி என்று எடுத்துக்கொண்டது. "கர்த்தர் என்னைப் பூரணமாகக் குணமாக்கினார்" என்றான். ஸ்தோத்திரம் என்று கூரை அதிர்ந்தது. நானும் அழுதேன்.

அன்று இரவு மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். பிரிக்காமலேயே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டானாம். இதை அவன் என்னிடம் சொன்னது எட்டு மாதம் கழித்து. "இருநூறு பேருக்கு முன்னால் குணமாகிவிட்டேன் என்று சொன்னேன் அக்கா. அதன் பிறகு மாத்திரையை விழுங்கினால் நான் பொய் சொன்னவன் ஆகிவிட மாட்டேனா?"

சபையில் நாம் சொல்லிப் பழகிய சாட்சிகள் எல்லாம் இறந்தகாலத்தில் முடிகிறவை. வியாதியாய் இருந்தேன், ஜெபித்தார்கள், சுகமானேன். என் தம்பிக்கு இருப்பது பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய். அது அடங்கும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அடங்கியே இருக்கும், ஆனால் திரும்பி வரக்கூடியது. பெரும்பாலானோர் நீண்ட காலம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். நலமாக இருப்பதும் மருந்து சாப்பிடுவதும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும். அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல எங்கள் சபை அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. சபை என்று சொல்கிறேன்; முழங்கையால் இடித்தவளையும் சேர்த்துத்தான்.

இதை எழுதி முடித்ததும் தம்பியிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை அடிக்கச் சொன்னான். அடித்துவிட்டேன்.

நோய் திரும்பியபோது முதலில் பார்த்தவர்கள் அதற்கு ஆவிக்குரிய எழுப்புதல் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு மூன்று நாள் உபவாசக் கூட்டம். கடைசி நாள் முழு இரவு ஜெபம். அவன் மூன்று இரவும் தூங்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நின்று வசனங்களை அடுக்கிக்கொண்டே போனான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினான், ஒவ்வொருவரையும் கைகாட்டி அவர்களுக்கென்று ஒரு வார்த்தை சொன்னான். காணிக்கைப் பை வந்தபோது அந்த மாதச் சம்பளம் முழுவதையும் போட்டான். பிறகு கைக்கடிகாரத்தையும் கழற்றிப் போட்டான். "பையன் மேல் என்ன அபிஷேகம்!" என்று என் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவன் கண்களைப் பார்த்தேன். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று இருந்த அதே கண்கள்.

அன்று காணிக்கை எண்ணிய பொருளாளர் மட்டும் வேறுவிதமாக யோசித்திருக்கிறார். பணத்தையும் கடிகாரத்தையும் ஒரு உறையில் போட்டு, தேதியும் பெயரும் எழுதி, கணக்கில் சேர்க்காமல் பூட்டி வைத்தார். இரண்டு மாதம் கழித்துத் தம்பி தெளிந்த பிறகு அதை அவன் கையிலேயே கொடுத்து, "இப்போதும் கொடுக்க வேண்டும் என்று இருந்தால், வேண்டிய அளவு கொடுங்கள் தம்பி" என்றார். மனமும் வேகமும் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும் எழுச்சி நிலையில் (மேனியா) இருக்கிறவர் கொடுப்பதை, கையெழுத்து போடுவதை, வாக்குக் கொடுப்பதைச் சபை சட்டென்று ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அவர் எந்த வகுப்புக்கும் போய்ப் படித்தவர் இல்லை. பிறர் பணத்தில் கூச்சம் உள்ளவர், அவ்வளவுதான்.

அந்த முறை தம்பி இருபத்தாறு நாள் மனநல வார்டில் இருந்தான். அதற்கு நான்கு வருடம் முன்பு அவனுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. அப்போது பெண்கள் ஐக்கியம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தது. வாலிபர்கள் மாற்றி மாற்றி இரவில் துணைக்கு இருந்தார்கள். கட்டின் மேல் கையெழுத்துப் போட இடம் இல்லை. மனநல வார்டுக்கு வந்தவை "ஜெபிக்கிறோம்" என்ற குறுஞ்செய்திகள். கெட்ட எண்ணத்தில் யாரும் ஒதுங்கவில்லை என்று இப்போது நம்புகிறேன். உள்ளே போனால் என்ன பேசுவது என்று தெரியாத பயம்தான் காரணம். ஆனால் பயத்தில் வராதவரையும் வெறுப்பில் வராதவரையும் கட்டிலில் கிடக்கிறவன் பிரித்துப் பார்க்க முடியாது.

வேறு ஒருவர் வந்தார், ஆஸ்பத்திரிக்கு அல்ல, வீட்டுக்கு. விடுதலை ஊழியம், அதாவது பிசாசு விரட்டும் ஜெபம், செய்கிறவர். எங்கள் அம்மாவை உட்கார வைத்து, எந்தப் பாவம் கதவைத் திறந்தது என்று மூன்று தலைமுறைக்குக் கேட்டார். அம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த நான்கு மாதம் திருவிருந்து எடுக்கவில்லை. தட்டு வரும்போது தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார். அதை யாரும் கவனித்துக் கேட்கவும் இல்லை.

பிசாசைப் பற்றிய வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும் இடத்தில், பிசாசு பிடித்தவர்கள் தனி, சந்திரரோகிகள் தனி, திமிர்வாதக்காரர் தனி என்றுதான் நம் தமிழ் வேதாகமமே பிரித்து எழுதியிருக்கிறது. நம்மில் சிலருக்கு மட்டும் எல்லாம் ஒன்று. ஜெபிக்கட்டும், எண்ணெய் பூசட்டும். நோயாளி விரும்பினால், அவர் சம்மதத்தோடு, மெல்லிய குரலில். கட்டுவது, அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது என்று எதுவும் அதில் சேரக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் சமரசம் கிடையாது.

வார்டுக்கு வந்தவர் ஒரே ஒருவர். ஞாயிறுதோறும் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்கிற பெரியவர். வாரம் இருமுறை வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை உரக்கப் படிப்பார். தம்பி பேசினால் கேட்பார், பேசாவிட்டால் மடித்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஒருநாள் தம்பி அவரிடம், தான் எலியா தீர்க்கதரிசி என்றும், தன்னைக் கொல்ல ஆள் வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னான். அவர் இல்லை என்று வாதிக்கவும் இல்லை, ஆமாம் என்று தலையாட்டவும் இல்லை. "பயமாக இருக்கிறதா? நான் இன்னும் அரை மணி நேரம் இங்கேதான் இருப்பேன்" என்றார். பிறகு ஒரு நர்ஸிடம் கேட்டபோது, இல்லாததை உண்மை என்று உறுதியாக நம்பும் மயக்கநம்பிக்கையில் இருப்பவரிடம் பேச வேண்டிய முறையே அதுதான் என்றார். சொல்வது உண்மையா என்று வழக்காடாமல், அதன் அடியில் இருக்கும் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

அந்த நர்ஸ் யார் என்பதைச் சொல்ல வேண்டும். தம்பி வீட்டுக்கு வந்த பிறகு கோபத்தோடு போதகரைப் பார்க்கப் போனேன். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "சாட்சி நேரத்தில் உங்கள் வரிசையைப் பார்த்தது நான்தான் சகோதரி" என்றார். பிறகு, "எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களைக் கூப்பிடுவோமா?" என்றார். ஒரு போதகர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வருவது எவ்வளவு பெரிய உதவி என்பது அன்று புரிந்தது. அடுத்த வாரம் அறிவிப்பில், மனநலத் துறையில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் தன்னை வந்து பார்க்கும்படி சொன்னார். வந்தவர், பதினோரு வருடமாக எங்களோடு பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த அக்கா! எந்த வார்டில் வேலை என்று அவர் சபையில் யாரிடமும் சொன்னதில்லை. "சொன்னால் என்னிடம் பேசவே தயங்குவார்கள், அல்லது மருந்து பாவமா என்று வாதம் செய்வார்கள்" என்றார்.

அவர்தான் மூப்பர்களையும் குழுத் தலைவர்களையும் உட்கார வைத்துப் பேசினார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது என்றார். எங்கள் சபையில் இருநூறு பேர். அடுத்த ஞாயிறு ஆராதனையில் நான் பிரசங்கம் கேட்கவில்லை; இருபத்தைந்து பேரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா சொன்னவற்றில் எங்களை அதிகம் உலுக்கியது, நாங்கள் பக்தி என்று நினைத்துச் செய்கிறவற்றுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு. தூக்கம் கெட்டால் இருதுருவ நோயில் எழுச்சி நிலை கிளம்பிவிடலாம். ஆகவே முழு இரவு ஜெபம் என் தம்பி போன்றவர்களுக்கு வெறும் களைப்பு அல்ல, தீப்பொறி. லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் உடலில் நீர் குறைந்து, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நச்சாக மாறலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம் அதிகமாவது, நாக்குழறல், நடையில் தள்ளாட்டம் எல்லாம் அதன் அறிகுறிகள்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். (தம்பி மருந்தையே நிறுத்தியிருந்ததால் இந்த ஆபத்து அவனைத் தொடவில்லை. தொடாததற்காக நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.) குடிப்பழக்கத்தை விட டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவருக்குத் திருவிருந்தின் திராட்சரசத்தில் மது இருந்தால் சிறு அளவே உடம்பைப் படுத்திவிடலாம்.

இதற்காக உபவாசத்தை யாரும் ரத்துசெய்யவில்லை. அறிவிக்கும்போது போதகர் இப்போது ஒரு வாக்கியம் சேர்க்கிறார்: "மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள், உணவைத் தவிர வேறு எதை விட்டும் உபவாசம் இருக்கலாம்." இரவு ஜெபம் பத்து மணிக்கு ஒருமுறை முடிகிறது, அப்போது எழுந்து போகிறவர்களைப் போதகரே வாசலில் நின்று வழியனுப்புகிறார். முன்பெல்லாம் இடையில் எழுந்து போகிறவனை அத்தனை கண்களும் துரத்தும்.

கண்கள் என்றதும் இதைச் சொல்ல வேண்டும். மனநோய்க்கான சில மருந்துகள் உட்கார விடாத ஒரு தவிப்பைக் கொடுக்கும். கால் சும்மா இருக்காது, எழுந்து நடந்தால்தான் ஆறும். வேறு சில தூக்கத்தை வரவழைக்கும், வாயை உலர்த்தும். பிரசங்கத்தின் நடுவே ஒருவர் வெளியே போய் உலாத்துவதும், இன்னொருவர் தலை சாய்ந்து தூங்குவதும் அவமரியாதை அல்ல. கதவருகே இரண்டு வரிசையை விட்டு வைத்திருக்கிறோம். அங்கே உட்கார யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி இருப்பது கூடுதல் வசதி.

எங்கள் சபையில் அதிகக் கெடுதல் செய்தது பிரசங்க மேடை அல்ல, ஜெபக் குறிப்பு. "இன்னாருடைய மகனுக்காக ஜெபியுங்கள், மனநிலை சரியில்லை" என்று ஒருவர் கைபேசிக் குழுவில் போட, மாலைக்குள் தம்பியின் அலுவலகத்தில் வேலை செய்கிற ஒருவருக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. அக்கறையோடு செய்ததுதான். இப்போது விதி ஒன்று வைத்திருக்கிறோம். யாருக்காக ஜெபிக்கக் கேட்கிறோமோ அவரிடமே முதலில், "என்ன சொல்லலாம், யாரிடம் சொல்லலாம்?" என்று கேட்க வேண்டும். அவர் யாரிடமும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒருவர் தன் வாயால் சொல்லாத நோயை இன்னொருவர் சொல்ல உரிமை இல்லை. போதகருக்கும் இது பொருந்தும், போதகரின் மனைவிக்கும் பொருந்தும்.

அந்த விதிக்கு ஒரே விலக்கு உயிர் ஆபத்து. வாலிபர் ஐக்கியத்தில் ஒரு பெண், "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்று சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலைவியிடம் சத்தியம் கேட்டிருக்கிறாள். அக்கா எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்: அந்தச் சத்தியத்தைக் கொடுக்கக் கூடாது. "தற்கொலை செய்துகொள்ளத் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடக் கூடாது, மாத்திரை, விஷம் போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்க வேண்டும், குடும்பத்தாருக்குச் சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரி. தற்கொலை செய்துகொண்டால் நரகம் என்று மிரட்டுவது யாரையும் காப்பாற்றியதாக நான் பார்க்கவில்லை. அடுத்த முறை சொல்லாமல் வாயைப் பூட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் இப்போது ஞாயிறு பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். தலைவிதான் இன்னும் அந்த இரவை நினைத்தால் நடுங்குகிறாள். அவளுக்கும் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது என்பதை நாங்கள் தாமதமாகத்தான் உணர்ந்தோம்.

குடும்பத்துக்கு என்ன செய்யலாம் என்று பலரும் என்னைக் கேட்பார்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். லித்தியத்துக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. அந்த வரிசையில் எங்களோடு வந்து நின்றவர் பெரியவர். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தம்பியோடு இருக்க ஒருவர் முன்வந்ததால்தான் அம்மா மறுபடி ஆராதனைக்குப் போனார். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களிடம் நான் ஒருமுறைகூட எதையும் சொன்னதில்லை. "செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வருகிறேன், சரியா?" என்று கேட்டவரிடம் சரி என்றேன்.

ஒரு ஞாயிறு போதகர் வில்லியம் கூப்பர் கதையைச் சொன்னார். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர். உலகெங்கும் சபைகள் இன்றும் பாடுகிற பாமாலைகளை எழுதியவர். இங்கிலாந்தின் ஓல்னி என்ற ஊரில் ஜான் நியூட்டன் என்ற போதகரின் சபையில் இருந்தார். 1773இல் அவருக்குக் கடுமையான மனச்சோர்வு திரும்ப வந்தது, தற்கொலைக்கும் முயன்றார். நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கதை வழக்கமான இடத்தில் முடியும் என்று எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லத் தயாராக இருந்தோம். முடியவில்லை. தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் கூப்பரை 1800இல் சாகும்வரை விடவில்லை. "நியூட்டனும் அவரை விடவில்லை" என்று சொல்லிவிட்டுப் போதகர் உட்கார்ந்துவிட்டார். சபையில் ஒரு சங்கடமான அமைதி. எனக்கோ, அந்த மேடையில் முதல் தடவையாக என் வீட்டுக் கதையைக் கேட்டதுபோல் இருந்தது.

பெல்ஜியத்தின் கீல் நகரத்தைப் பற்றி நான் படித்ததும் அதற்குப் பிறகுதான். புனித டிம்ப்னாவின் ஆலயத்துக்கு மனநோயாளிகளைக் கூட்டிக்கொண்டு யாத்திரிகர்கள் வருவார்கள். ஆலயத்தில் இடம் போதாமல் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் இடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த அந்த வழக்கம், மருத்துவ மேற்பார்வையோடு இன்றும் இருக்கிறது. குணமாக்கத்தான் அழைத்து வந்தார்கள். குணமாகாதவர்களும் அங்கேயே வீட்டு வேலை, வயல் வேலை பார்த்து, குடும்பத்தில் ஒருவராக இருந்துவிட்டார்கள்.

தம்பிக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். அதிலும் முதலில் தடுமாற்றம். இரக்கப்பட்டு ஒன்றும் செய்யவிடாமல் உட்கார வைத்தார்கள். பிறகு, சரியாகிவிட்டான் என்று வாலிபர் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். இரண்டும் வேண்டாம் என்று அவனே சொன்னான். நாற்காலி போடுகிறேன் என்றான். வர முடியாத வாரத்தில் இன்னொருவர் போட்டுக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

போன வருடம் மறுபடி வந்தது. இம்முறை தூக்கம் குறைந்த மூன்றாவது நாளே கவனித்தவர் பெரியவர். அவன் தெளிவாக இருந்த காலத்தில் எழுதிக் கொடுத்திருந்த தாளில், இந்த அறிகுறி தெரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த டாக்டர், வங்கி அட்டையை யாரிடம் கொடுப்பது என்று எல்லாம் இருந்தது. ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆறு பேர் வார்டுக்கு வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கொஞ்சம் அதிகமாகவே பேசினார், பரவாயில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சாட்சி நேரத்தில் அவனாகவே எழுந்தான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். "இன்று காலை மாத்திரை போட்டேன். நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன். வந்திருக்கிறேன்" என்றான். கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து அம்மாதான் முதலில் ஸ்தோத்திரம் என்றார்.

ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, எட்டு எட்டாக அடுக்கினால் சாய்ந்துவிடும், ஆறு ஆறாக அடுக்கு என்று பெரியவர் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.